பொருந்தும் என்று போட்ட பச்சைக் குறி

எங்கள் அலுவலகத்தில் யாராவது புதிதாக ஒன்றைச் செய்து முடித்தால் கேக் வெட்டுவார்கள். ஒன்பது வருடங்களில் எனக்காக ஒருமுறைகூட வெட்டியதில்லை. நான் புதிதாக எதையும் செய்வதில்லை. நேற்று ஓடிய மென்பொருள் இன்றும் ஓட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. ஓடினால் அது யார் கண்ணிலும் படாது. நின்றுபோனால்தான் என்னைத் தேடுவார்கள்.

நாங்கள் விற்பது பெக்கப், அதாவது தரவுகளுக்குக் காப்புப் பிரதி, எடுக்கும் ஒரு மென்பொருள். இப்போதெல்லாம் சின்ன ஆஸ்பத்திரியோ தேயிலைத் தொழிற்சாலையோ ஐந்து கணினிகளை வாங்குவதில்லை. வலுவான ஒரு சேர்வரை வாங்கி, அதற்குள் ஐந்து கணினிகள் இருப்பது போல ஓடவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்று நம்பிக்கொண்டு வேலை செய்யும். ஒன்றோடு ஒன்று மோதாமல் அவற்றை வைத்திருக்கும் அடித்தள மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அதை எழுதுவது ஒரு வெளிநாட்டுக் கம்பனி. எங்கள் மென்பொருள் அதனிடம் போய், "இந்தக் கணினியை இந்தக் கணத்தில் இருக்கிறபடி பிடித்து வை, நான் பிரதி எடுக்க வேண்டும்" என்று கேட்கும். எந்தக் கட்டளையால் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்பதெல்லாம் அந்தக் கம்பனி வகுத்த ஒழுங்கு. அந்த ஒழுங்கை அவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவையாவது மாற்றுவார்கள். மாற்றியதற்கு ஏற்றபடி எங்கள் பக்கத்தைத் திருத்துவதற்குக் கண்டியில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான்.

நான் கண்டி நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மாநகரசபையில் வேலை செய்தார். வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரில் ஒருவர் என் விலாசத்தை வாசித்துவிட்டு, "மஹய்யாவையா?" என்று இரண்டு தடவை கேட்டார். "விலாசத்த விடுங்கோ, பிள்ளையிட புரோகிராமைப் பாருங்கோ" என்று அவரை நிறுத்தியவர்தான் பிறகு எனக்கு மெனேஜரானார். யாழ்ப்பாணத்துக்காரர். குரல் உயர்த்திப் பேசமாட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

ஹைப்பர்வைசரில் வரும் மாற்றங்களில் சில நேர்மையானவை. பழைய கட்டளை ஒன்றை எடுத்துவிடுவார்கள். எங்கள் மென்பொருள் அன்றைக்கே பிழை காட்டி நின்றுவிடும். நான் திட்டிக்கொண்டே புதிய கட்டளையைத் தேடி எழுதுவேன். நின்றுபோனது எல்லோருக்கும் தெரிவதால் அதில் ஆபத்து இல்லை.

அந்த முறை வந்த புதிய பதிப்பில் அவர்கள் எதையும் எடுக்கவில்லை. கட்டளையின் பெயர் அதே. கேட்கும் விதம் அதே. "சரி" என்ற பதிலும் அதே. அந்தச் "சரி"க்கு உரிய அர்த்தத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் "சரி" என்றால் கணினியைப் பிடித்து வைத்தாயிற்று, பிரதி எடுக்கலாம் என்று அர்த்தம். இப்போது "சரி" என்றால் "கேட்டுக்கொண்டேன், இனிமேல் செய்வேன்" என்று அர்த்தம். செய்து முடிந்ததா என்று நாங்கள்தான் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டும். இதைப் பற்றி மாற்றக் குறிப்பில் இருந்தது ஒரே ஒரு வரி: இந்தக் கட்டளை இனி விரைவாகப் பதில் தரும்.

நான் எந்தப் பதிப்பையும் பிரதி எடுப்பதோடு சோதித்து முடிக்கமாட்டேன். அந்தப் பிரதியிலிருந்து கணினியைத் திரும்ப எழுப்புவேன். உள்ளே இருக்கும் தரவுத்தளத்தைத் திறந்து, கடைசியாக எழுதிய பதிவு இருக்கிறதா என்று பார்ப்பேன். எட்டு தடவை செய்ததில் ஆறு தடவை ஒழுங்காக வந்தது. இரண்டு தடவை தரவுத்தளம் திறக்கவே இல்லை. இயந்திரம் பழுதாக இருக்குமோ என்று இரண்டு நாட்கள் மினக்கெட்டேன். பிறகு உள்ளே நிறைய வேலை நடக்கும்படி ஓடவிட்டுப் பிரதி எடுத்தேன். எட்டில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கணினி இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் மென்பொருள் பிரதி எடுக்கத் தொடங்கிவிடுகிறது. பாதி பழையது, பாதி புதியது. ஆனால் திரையில் எல்லாம் பச்சை. "பிரதி வெற்றிகரமாக எடுக்கப்பட்டது."

மெனேஜரின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"முதல்ல எட்டில ஆறு வந்திருக்குத்தானே பிள்ளை?"

"கணினி சும்மா இருந்தா வருது சேர். உள்ள வேல நடந்தா ஒண்ணுமே வரல. ஆஸ்பத்திரியில கணினி சும்மாவா இருக்கும்?"

"உங்கட டெஸ்ட் சேர்வர் பழசு. அதாலயும் இருக்கலாம்."

"அதயும் பாத்துட்டேன் சேர். காரணம் எனக்குத் தெரியும். மூணு கிழம குடுங்க, சரி பண்ணிடுறேன். அதுவரைக்கும் இந்தப் பதிப்பு பொருந்தும்னு மட்டும் போடாதீங்க."

"மூண்டு கிழமையோ? வாற வெள்ளி கொழும்பில கண்காட்சி. புதுப் பதிப்போட பொருந்துமெண்டு பனரும் அடிச்சாச்சு."

"பனர மாத்தி அடிக்கலாம் சேர். பிரதி கெட்டுப் போனா எத அடிப்பீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாப்பம்" என்றார்.

எங்கள் இணையத்தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஹைப்பர்வைசரின் எந்தெந்தப் பதிப்புகளோடு எங்கள் மென்பொருள் பொருந்தும் என்று அதில் இருக்கும். சோதித்து முடித்ததன் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி. வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் சேர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றுவார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தக் குறியைப் போட்டு வந்தது நான். திங்கட்கிழமை காலையில் திறந்து பார்த்தபோது புதிய பதிப்பின் பக்கத்தில் பச்சைக் குறி இருந்தது. மெனேஜர் தன் கணக்கிலிருந்து உள்ளே போய்த் தானே போட்டிருந்தார்.

உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என்ன பிழை, எப்படிச் சோதித்தேன், எட்டுக்கு எட்டும் எப்படித் தோற்றன, இந்தக் குறியை உடனே எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். மத்தியானம் பதில் வந்தது. "பார்த்தேன்" என்று ஒரே சொல்.

அதே நாள் அந்த வெளிநாட்டுக் கம்பனியின் கேள்வி பதில் பக்கத்திலும் எழுதிக் கேட்டேன். அங்கிருந்த ஒரு பொறியியலாளர் மிகவும் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். வேலை முடிந்த பிறகுதான் பதில் வரும் என்று தங்கள் ஆவணத்தில் எந்தக் காலத்திலும் தாங்கள் சொன்னதில்லையே என்றார். தேடிப் பார்த்தேன். உண்மைதான், சொல்லியிருக்கவில்லை. ஆனால் இத்தனை வருடமும் அது அப்படித்தான் நடந்தது. உலகம் முழுக்க எத்தனையோ பேர் அதை நம்பித் தங்கள் மென்பொருளை எழுதியிருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. பதிலின் கடைசியில் சிரித்த முகம் ஒன்றைப் போட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் விசைப்பலகையைத் தள்ளிவிட்டுக் கீழே இறங்கி, பேராதனை வீதியோரமாகக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

பிறகு திருத்தத்தை எழுதத் தொடங்கினேன். அந்த நாட்களில் ஒரு வாடிக்கையாளருக்காவது தொலைபேசி எடுத்து, "பட்டியலை நம்பாதீர்கள்" என்று சொல்லவில்லை. மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, வாடிக்கையாளர்களின் அழைப்புகளைப் பார்க்கும் ராத்தா என் மேசைக்கு வந்தார். அக்குறணை முஸ்லிம் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அவர்கள் வழக்கப்படி அக்காவை ராத்தா என்று கூப்பிடுவேன்.

"தங்கச்சி, புசல்லாவையில ரத்தம் பாக்குற லெப்பிலருந்து கோல். மின்னல் அடிச்சு அவங்கட சேர்வர் போயிட்டாம். புதுசு ஒண்டு போட்டு, எங்கட பெக்கப்பில இருந்து எடுக்கப் பாத்தா ஒண்டுமே தொறக்குதில்லயாம். அந்த டீச்சர் மாதிரிப் பேசுற மிஸ் இன்டைக்கி அழுறாங்க."

எந்தப் பதிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

மெனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கள் நேர போங்கோ. மின்னலால டிஸ்க் பழுதாகி, பிரதியும் பழுதாப் போச்செண்டு சொல்லுங்கோ."

"பிரதி இருந்தது வேற டிஸ்க்ல சேர். அதுக்கு ஒண்ணும் ஆகல."

"அது அவைக்கு விளங்காது."

இந்த நான்கு வருடமாக அந்த மூன்று சொற்களையும் என்னால் விழுங்க முடியவில்லை. யாருக்கு விளங்காது? அந்தப் பரிசோதனை நிலையத்தை நடத்தும் பெண் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டிலிருந்து படித்து மேலே வந்தவர். இரத்தத்தில் எது கூடினால் என்ன நோய், எது குறைந்தால் என்ன ஆபத்து என்று அவருக்குத் தெரியும். இரண்டு டிஸ்க் வேறு வேறு என்பது அவருக்கு விளங்காதாம்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் நுவரெலியா பஸ் ஏறினேன். கம்பளை தாண்டி வளைவுகள் தொடங்கின. மின்னல் என்று சொல்வதா, உண்மையைச் சொல்வதா என்று நான் யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொன்ன பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

பரிசோதனை நிலையம் பிரதான வீதியில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் இருந்தது. வாசலில் போட்டிருந்த வாங்கில் ஏழெட்டுப் பேர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். பாதிப் பேர் தோட்டத்துப் பெண்கள். நிலையத்துப் பெண் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். அங்கே மின்சாரத்தை நம்ப முடியாததால் இரவில் சேர்வரை அணைத்துவிடுவார்களாம். பிரதி எடுப்பது பகல் பன்னிரண்டு மணிக்கு, நிலையம் நிறைந்திருக்கும் நேரத்தில். ஒவ்வொரு நாளுக்குரிய பிரதியையும் திறந்து பார்த்தேன். புதிய பதிப்புக்கு மாற்றிய நாளிலிருந்து ஒன்றுகூடத் திறக்கவில்லை. அதற்கு முதல் நாள் எடுத்தது உடனே திறந்தது.

"மின்னலா தங்கச்சி? எங்க கம்பியூட்டர் பையன் மின்னலா இருக்கும்னு சொன்னான்."

"இல்லக்கா. மின்னல்ல ஒங்க சேர்வர் போனது உண்ம. ஆனா பிரதி கெட்டது எங்க மென்பொருளால. புதுப் பதிப்போட அது பொருந்தல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "பொருந்தும்னு நீங்கதான போட்டிருந்தீங்க? பச்சையா ஒரு அடையாளம் இருந்திச்சே. அத பாத்துட்டுத்தான மாத்துனோம்."

"ஆமாக்கா. அத போட்டிருக்கக் கூடாது."

"இது ஒங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் ஒரு கோல் எடுக்கல?"

மெனேஜருக்கு எழுதினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த அறையில் நின்றுகொண்டு அதைச் சொல்வது அசிங்கமாக இருந்தது. அவர் கதிரையில் உட்கார்ந்து, "ரெண்டு கெழமயா நாங்க பாத்த ரத்தம் எல்லாம் தண்ணிதானா?" என்றார். பிறகு எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, என்னை நன்றாக ஏசினார். ஏசி முடித்துவிட்டு, "இப்ப என்னா செய்யலாம், சொல்லுங்க" என்றார்.

இரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதன் சொந்த நினைவகத்தில் முடிவுகள், அந்தந்த இரத்த மாதிரியின் எண்ணோடு மிச்சமிருந்தன. எந்த எண் யாருடையது என்று பதிவு மேசையில் சீஆர் கொப்பி என்ற தடித்த பதிவேட்டில் கையால் எழுதி வைத்திருந்தார்கள். அவர் எண்ணையும் பெயரையும் வாசிக்க, நான் இயந்திரத்தில் தேடி எடுத்து, பழைய பிரதியில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். அன்று மாலை வரையும், மறுநாள் முழுவதும் அதைத்தான் செய்தோம். மூன்று பேருடைய எண்கள் கொப்பியில் தெளிவில்லாமல் இருந்தன. ஊகித்துப் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "அது மட்டும் வேணாம்" என்றார். அவர்களைத் திரும்ப வரச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரத்தச் சீனி, சிறுநீரகம், ஈரல் பார்க்கும் சின்ன இயந்திரத்துக்கு நினைவகம் கிடையாது. அந்த முடிவுகள் எல்லாம் போய்விட்டன.

இரண்டாம் நாள் காலையில் ஒரு தோட்டத்து அம்மா வந்தார். சிறுநீரகப் பரிசோதனைக்குக் கொடுத்தவர். ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம்.

"இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணும்மா" என்றார் நிலையத்துப் பெண்.

"போன கெழம குடுத்தது என்னாச்சு?"

"கம்பியூட்டர் கெட்டுப் போச்சும்மா."

அந்த அம்மா மேலே எதுவும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார். முழங்கை மடிப்பில் போன முறை குத்திய இடம் இன்னும் கன்றியிருந்தது. கம்பியூட்டர் கெடவில்லை என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அது சொன்னதைச் செய்தது. கெட்டுப் போயிருந்தவர்கள் மனிதர்கள், அதில் நானும் ஒருத்தி. அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கண்டிக்குத் திரும்பிய மறுநாள் நேராக ராத்தாவிடம் போனேன்.

"ராத்தா, புதுப் பதிப்புக்கு மாறாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லணும். மெனேஜர்கிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு."

"அப்ப கேக்க வாணாம். லிஸ்ட ரெண்டாப் பிரிங்க. ஒரு பாதிக்கு நான் கோல் எடுத்துச் செல்லுறேன்."

அன்று பகல் முழுவதும் இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை. நான்கு இடங்களில் ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சேர்வரை நிறுத்தி வைத்துப் பிரதி எடுக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தேன். சிலர் ஏசினார்கள். ஹேவாஹெட்டையில் ஒரு தொழிற்சாலை அலுவலர் மட்டும், "சொன்னதுக்கு நன்றி மிஸ், ஒருத்தரும் இப்பிடிச் சொல்றதில்ல" என்றார்.

பின்னேரம் மெனேஜர் எங்கள் மேசைகளுக்கு இடையில் வந்து நின்றார். குரல் அப்போதும் உயரவில்லை. "ஆரிட்டக் கேட்டு இதச் செய்தனீங்கள்?" என்றார்.

"ஒருத்தர்கிட்டயும் கேக்கல சேர்."

"கம்பனியிட பேர நீங்களே கெடுக்கிறீங்கள் எண்டு விளங்குதோ?"

ராத்தா நிமிர்ந்து பார்த்தார். "சேர், பேரு கெட்டு ரெண்டு கிழம. நாங்க இன்டைக்கித்தான் அவங்களுக்குச் செல்லுறோம்."

அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார். மூன்றாம் நாள், கொழும்பிலிருக்கும் இயக்குநர்களுக்கு அவர் எழுதிய அறிக்கையின் பிரதி எனக்கும் வந்தது. "சோதனையின்போது ஏற்பட்ட தனிநபர் கவனயீனம்" என்று எழுதியிருந்தார். சோதனை செய்யும் தனிநபர் அந்த அலுவலகத்தில் ஒருத்திதான்.

என் மின்னஞ்சலையும் அவருடைய "பார்த்தேன்" என்ற பதிலையும் அச்செடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன்.

"இத நான் கொழும்புக்கு அனுப்பப் போறேன் சேர். ஒங்ககிட்டச் சொல்லாம அனுப்பக் கூடாதுன்னுதான் வந்தேன்."

அவர் இரண்டு தாள்களையும் வாசித்தார். "உங்கள இஞ்ச வேலைக்கு எடுத்தது நான்."

"தெரியும் சேர். என் புரோகிராமப் பாருங்கன்னு அன்னைக்கு நீங்கதான் சொன்னீங்க. இந்தத் தடவயும் அதப் பாத்திருக்கலாமே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெளியே வந்து அனுப்பினேன்.

என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவரையும் நிறுத்தவில்லை. இரண்டாவது அறிக்கை வந்தது. அதில் "தனிநபர் கவனயீனம்" போய், "செயன்முறைக் குறைபாடு" என்று இருந்தது. ஆளே இல்லாத குற்றம். அடுத்த வருடம் அவர் பதவி உயர்வோடு கொழும்புக்குப் போனார். போகும் நாளில் என் மேசைக்கு வந்து, "நல்லா இருங்கோ பிள்ளை" என்றார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நானும் எழுந்து நிற்கவில்லை.

திருத்தம் நான் கேட்ட மூன்று கிழமைக்குள்ளேயே முடிந்திருந்தது. ஹைப்பர்வைசர் "சரி" என்றதும் எங்கள் மென்பொருள் இப்போது நம்பிவிடாது. முடிந்ததா, முடிந்ததா என்று விசாரித்துவிட்டுத்தான் பிரதி எடுக்கத் தொடங்கும். பட்டியலில் குறி போடும் உரிமை என் கணக்குக்கு மட்டும்தான் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். அதற்கு ஆறு மாதம் சண்டை பிடித்தேன்.

புசல்லாவைப் பெண் எங்களை விட்டுவிட்டு வேறொரு கம்பனியின் மென்பொருளை வாங்கினார். வாங்கிய கையோடு எனக்குத் தொலைபேசி எடுத்து, "ஒரு ஞாயித்துக் கெழம வந்து இது நல்லதான்னு பாத்துச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். போட்டிக் கம்பனியின் மென்பொருள். அலுவலகத்துக்குத் தெரிந்தால் சும்மா விடமாட்டார்கள். போனேன்.

போவதற்கு முன் அந்தக் கம்பனியின் இணையப் பக்கத்தைத் திறந்து, அவர்களுடைய பட்டியலின் பழைய வடிவங்களைத் தேடிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பச்சைக் குறி இருந்த அதே கிழமையில், அதே பதிப்புக்குப் பக்கத்தில் அவர்கள் எழுதியிருந்தார்கள்: "இன்னும் சோதித்து முடியவில்லை. மாற்ற வேண்டாம்."

எங்களைப் போன்ற சின்னக் கம்பனிதான் அதுவும். அவர்களிடமும் என்னைப் போல ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் சொன்னதை அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முகம் தெரியாத அந்த ஆள் மேல் எனக்கு வந்தது பொறாமைதான்.